என்.கே. செல்களுக்கு நினைவு உண்டா? சைட்டோமெகாலோ வைரஸ் காட்டிக் கொடுத்த விடை

வந்த கேள்வி இது: “இயற்கைக் கொல்லி (என்.கே.) செல்கள் பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்பைச் சேர்ந்தவை, அவற்றுக்கு நினைவு கிடையாது, நினைவெல்லாம் டி, பி செல்களுக்குத்தான் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்தேன். இப்போது என்.கே. செல்களும் வைரஸை நினைவில் வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். டி செல்லைப் போல மரபணுவை வெட்டி ஒட்டிப் புதுப்புது ஏற்பிகளைச் செய்துகொள்ளத் தெரியாத செல்லுக்கு அது எப்படி முடியும்? எனக்குச் சின்ன வயதில் சிக்குன்குனியா வந்திருக்கிறது. அதை என் என்.கே. செல்கள் நினைவில் வைத்திருக்குமா?”

முடியும். ஆனால் டி செல்லின் நினைவை அப்படியே என்.கே. செல்லின் மேல் ஏற்றிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த வைரஸ் வந்தாலும் அதற்கென ஒரு டி செல் கூட்டம் நினைவாகத் தங்கிவிடும். என்.கே. செல்லின் நினைவு அவ்வளவு தாராளமானது அல்ல. அசைக்க முடியாத ஆதாரம் இருப்பது ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகாலோ வைரஸ் விஷயத்தில்தான். உலகில் இத்தனை வைரஸ்கள் இருக்க ஏன் அந்த ஒன்று என்று கேட்டால், உங்கள் முதல் கேள்விக்கான விடை அதிலேயே வந்துவிடும்.

பாடத்தில் படித்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்த முடிவுக்கு வர நியாயமான காரணங்கள் இருந்தன. 1975இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஏவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனும் தனித்தனியே ஒரே விஷயத்தைக் கண்டார்கள். எந்தத் தடுப்பூசியும் போடாத, எந்த நோயும் வராத எலியின் மண்ணீரலில் உள்ள சில லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளணுக்கள்) புற்றுச் செல்களைப் பார்த்த மாத்திரத்தில் கொன்றன. முன்பழக்கம் எதுவும் தேவைப்படவில்லை. 1986இல் கிளாஸ் கேரேயும் அவர் குழுவினரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். உடலின் பெரும்பாலான செல்கள் எம்எச்சி முதல் வகுப்பு என்ற புரதத்தை மேற்பரப்பில் ஏந்தியிருக்கும். என்.கே. செல்லின் தடுக்கும் ஏற்பிகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகும். டி செல்லின் கண்ணில் படாமல் இருக்க வைரஸ் அந்தப் புரதத்தை மறைத்துவிட்டால், தடை நீங்கி என்.கே. செல் தாக்கும். எதிரி யார் என்று தெரிந்துகொள்ளவே தேவையில்லாத ஏற்பாடு இது. பெயர் தெரியாதவரை நினைவில் வைப்பது எப்படி? அதோடு, முதிர்ந்த என்.கே. செல்லின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு வாரம்தான். நினைவுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத செல் கிடையாது என்று நினைத்ததில் வியப்பில்லை.

இருந்தும் இவை சாதாரணக் காவலாட்கள் அல்ல. இரத்த லிம்போசைட்டுகளில் இவை 5 முதல் 15 சதவீதம்தான். ஆனால் இவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1989இல் கிறிஸ்டின் பைரனும் உடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்ட ஒரு பதின்வயதுப் பெண்ணின் நோய்க்கதை காட்டுகிறது. அந்தப் பெண்ணுக்கு என்.கே. செல்களே இல்லை. சின்னம்மை வைரஸ், சைட்டோமெகாலோ வைரஸ், ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்று அடுத்தடுத்து வந்த தொற்றுகள் எல்லாமே கடுமையாகத் தாக்கின. மூன்றும் ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதை நினைவு என்று ஒப்புக்கொள்வது என்பதையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். நான் மூன்றைக் கேட்பேன். குறிப்பிட்ட ஒன்றை மட்டும் இனங்காண வேண்டும். தூண்டிய பொருள் போன பிறகும் செல்லோ அதன் வாரிசோ நெடுநாள் இருக்க வேண்டும். அதே பொருள் மறுபடி வந்தால் முதல் முறையைவிட வேகமாகவும் வலுவாகவும் பாய வேண்டும். இம்மூன்றில் ஒன்றிரண்டு மட்டும் இருக்கும்போதே நினைவு என்று எழுதிவிடும் பழக்கத்தால்தான் இத்துறையில் பாதிக் குழப்பம்.

முதல் அதிர்ச்சி 2006இல் ஹார்வர்டில் உல்ரிக் ஃபோன் ஆண்ட்ரியன் ஆய்வகத்திலிருந்து வந்தது. டி செல்லும் பி செல்லும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் ஒரு ரசாயனத்தைத் தடவினார்கள். சில வாரம் கழித்து அதே ரசாயனத்தைக் காதில் தடவியதும் காது வீங்கியது. வேறு ரசாயனத்துக்கு வீங்கவில்லை. என்.கே. செல்களை நீக்கினால் வீக்கமும் இல்லை. அந்த நினைவு கல்லீரலில் இருந்த செல்களிடம் இருந்தது. அவை உண்மையான என்.கே. செல்களா, அல்லது கல்லீரலிலேயே குடியிருக்கும் அவற்றின் நெருங்கிய உறவுகளான ஐஎல்சி1 செல்களா என்ற விவாதம் பின்னர் எழுந்தது. பிந்தைய ஆய்வுகள் ஐஎல்சி1 பக்கமே சாய்கின்றன. ஒரு ரசாயனத்தை இன்னொன்றிலிருந்து எந்த ஏற்பியைக் கொண்டு பிரித்தறிகின்றன என்பதற்கு இன்றுவரை தெளிவான விளக்கம் கிடையாது. அதனால் என் விடையை இந்தச் சோதனையின் மேல் நான் கட்டவில்லை.

என் விடை நிற்பது 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசப் சன், ஜோஷுவா பெயில்கே, லூயிஸ் லேனியர் மூவரும் செய்த சோதனையின் மேல். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் முன்கதை வேண்டும். எலிக்கென்று ஒரு சைட்டோமெகாலோ வைரஸ் உண்டு. சி57பிஎல்/6 என்ற கருப்பு எலி வகை அதை எளிதாகச் சமாளிக்கும். பால்ப்/சி என்ற வெள்ளை எலி வகை திணறும். ஏன் இந்த வேற்றுமை என்று பல ஆண்டுகள் தேடி, 2001இல் கண்டுபிடித்தார்கள்: கருப்பு எலியின் என்.கே. செல்களில் லை49எச் என்ற தூண்டும் ஏற்பி இருக்கிறது, வெள்ளை எலியிடம் அந்த மரபணுவே இல்லை. அடுத்த ஆண்டே அந்த ஏற்பி எதைப் பிடிக்கிறது என்பதும் தெரிந்தது. தொற்றுண்ட செல்லின் மேற்பரப்பில் வைரஸ் நிறுத்திவைக்கும் எம்157 என்ற வைரஸ் புரதம்தான் அது. ஆக, பெயர் தெரியாமல் தாக்குபவை என்று எண்ணிய செல்களில் ஒரு பகுதி, ஒரு வைரஸின் ஒரு புரதத்தை நேரடியாக இனங்கண்டுகொண்டிருந்தது.

இங்கே ஒரு சிறு விவரம் மிக முக்கியம். கருப்பு எலியின் எல்லா என்.கே. செல்களிலும் இந்த மரபணு இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ பாதிச் செல்கள்தான் அந்த ஏற்பியை மேற்பரப்பில் ஏந்துகின்றன. எந்தச் செல் ஏந்தும், எது ஏந்தாது என்பது செல் முதிரும்போது ஏறக்குறையத் தற்செயலாக முடிவாகிறது. இதே வகையைச் சேர்ந்த மற்ற ஏற்பிகளுக்கும் இப்படித்தான். விளைவாக, மரபணுவை வெட்டாமலே, ஒட்டாமலே, ஒவ்வொரு என்.கே. செல்லும் ஏற்பிகளின் வெவ்வேறு கலவையோடு உலவுகிறது. டி செல்களுக்குப் பன்முகத்தன்மை புது ஏற்பிகளைப் படைப்பதால் வருகிறது. என்.கே. செல்களுக்கு அது பரம்பரையாக வந்த சில ஏற்பிகளில் எதை ஏந்துவது என்பதிலிருந்து வருகிறது. அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் வைரஸ் வந்து தனக்குப் பொருந்தும் செல்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்க இந்த அளவு வேற்றுமையே போதும். “எப்படி முடியும்” என்ற கேள்விக்கு என் நேரடி விடை இதுதான்.

இனி 2009 சோதனை. லை49எச் ஏற்பி வேலை செய்ய டாப்12 என்ற துணைப் புரதம் வேண்டும். அது இல்லாத எலிகளைத் தேர்ந்தார்கள். அவற்றின் சொந்த என்.கே. செல்களால் எம்157ஐக் கண்டு எதுவும் செய்ய முடியாது. இயல்பான எலியிலிருந்து எடுத்த லை49எச் செல்களைக் கொஞ்சமாக அவற்றினுள் செலுத்தி, வைரஸைத் தொற்றவைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தச் செல்கள் மண்ணீரலில் 100 மடங்கும் கல்லீரலில் 1000 மடங்கும் பெருகின. எம்157 இல்லாத வைரஸைக் கொடுத்தால் அந்தப் பெருக்கம் நிகழவில்லை. பிறகு கூட்டம் வடிந்தது. ஆனால் அடியோடு வற்றவில்லை. 70 நாள் கழித்தும் அச்செல்கள் இருந்தன, இரண்டு வார ஆயுள் என்று சொல்லப்பட்ட செல்கள்! மறுபடி தூண்டியபோது புதிய செல்களைவிட அதிக அளவில் கொல்லும் துகள்களை வெளியேற்றின, இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புச் சைகைப் புரதத்தையும் அதிகம் சுரந்தன.

கடைசிச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு முதிர்ந்த என்.கே. செல்கள் இருக்காது, இந்த வைரஸ் அவற்றைக் கொன்றுவிடும். சில குஞ்சுகளுக்கு வைரஸைக் கண்டிராத செல்களைக் கொடுத்தார்கள், வேறு சிலவற்றுக்கு நினைவுச் செல்களைக் கொடுத்தார்கள். புதிய செல்கள் தந்த பாதுகாப்பை, எண்ணிக்கையில் அவற்றில் பத்தில் ஒரு பங்கே இருந்த நினைவுச் செல்கள் தந்தன. இனங்காணல், நீடிப்பு, வலுவான மறுபாய்ச்சல் மூன்றும் ஒரே இடத்தில் நிறுவப்பட்டன.

இந்த நினைவு செல்லுக்குள் எப்படி உருவாகிறது என்பதைப் பிந்தைய ஆண்டுகளில் படிப்படியாகப் பிரித்தெடுத்தார்கள். ஏற்பி எம்157ஐத் தொட்டால் மட்டும் போதாது. தொற்றின் முதல் நாட்களில் நோயெதிர்ப்பை முடுக்கிவிடும் டென்ட்ரைட்டிக் செல்கள், ஐஎல்-12 என்ற சைட்டோகைனை, அதாவது செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதத்தை, சுரக்கின்றன. அது என்.கே. செல்லுக்குள் ஸ்டாட்4 என்ற புரதத்தை முடுக்கிவிடுகிறது. ஐஎல்-12 ஏற்பி இல்லாத என்.கே. செல்கள் வைரஸை இனங்கண்டாலும் பெருகுவதில்லை, நினைவாகவும் மாறுவதில்லை. ஐஎல்-18 என்ற இன்னொரு சைட்டோகைன் பெருக்கத்துக்கு உதவுகிறது. டிநாம்-1 என்ற இன்னொரு ஏற்பியின் ஒத்துழைப்பும் வேண்டும். முதல் வகை இன்டர்ஃபெரானுக்கு இதில் எதிர்பாராத வேலை ஒன்று உண்டு: அதன் சைகை எட்டாத என்.கே. செல்லை அக்கம்பக்கத்து என்.கே. செல்களே கொன்றுவிடுகின்றன. பெருகும் காலத்தில் தம் இனத்தாரிடமிருந்தே தப்பவும் ஒரு சைகை தேவைப்படுகிறது.

ஆக மூன்று சைகைகள்: இனங்காணும் ஏற்பி, துணை ஏற்பி, சைட்டோகைன். டி செல் நினைவைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த வரிசை உடனே தெரிந்துபோகும். அங்கேயும் இதே மூன்றுதான். பரிணாமத்தில் தனித்தனியே நின்ற இரு செல்வகைகள் ஒரே செய்முறையைக் கையாள்கின்றன.

பெருக்கம் முடிந்து கூட்டம் வடியும்போது பெரும்பாலான செல்கள் பிம் என்ற புரதத்தின் வழியாகத் தற்கொலை செய்துகொள்கின்றன. தப்பிப் பிழைப்பவை செய்யும் ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. வேகமாகப் பெருகியதில் பழுதடைந்துபோன தம் மைட்டோகாண்ட்ரியாக்களைத் தாமே செரித்து அப்புறப்படுத்துகின்றன. 2015இல் சன் ஆய்வகம் இதைக் காட்டியது. இந்தத் துப்புரவுக்கு வேண்டிய மரபணுக்கள் இல்லையென்றால் நினைவுச் செல்கள் மிஞ்சுவதில்லை. பெருகும் செல்களுக்குள்ளும் ஒரு தேர்வு நடக்கிறது: லை49எச் ஏற்பியைத் தொடக்கத்திலேயே அதிக அளவில் ஏந்திய செல்களின் வாரிசுகளே கூடுதலாகப் பெருகுகின்றன.

நினைவு எழுதப்படும் இடம் எது? டிஎன்ஏவின் எழுத்துகள் மாறுவதில்லை. டிஎன்ஏ சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் விதம் மாறுகிறது. இன்டர்ஃபெரான் காமா போன்ற மரபணுக்களைச் சுற்றியுள்ள குரோமாட்டின், அதாவது டிஎன்ஏவும் அது சுற்றப்பட்டிருக்கும் புரதங்களும் சேர்ந்த கட்டு, தளர்ந்து திறந்த நிலையிலேயே தங்கிவிடுகிறது. டிஎன்ஏவின் மேல் ஒட்டியிருக்கும் மீத்தைல் குறிகள் சில இடங்களில் நீங்குகின்றன, சில இடங்களில் ஏறுகின்றன. செல் பிரியும்போது இந்த அமைப்பு வாரிசுகளுக்கும் போகிறது. உலர்ந்த விதை நெல்லுக்கும் முளைகட்டிய விதை நெல்லுக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உள்ளிருப்பது ஒன்றே. ஆனால் வயலில் விழுந்ததும் ஒன்று உடனே வேர்விடுகிறது. 2018இல் எலியின் என்.கே. செல்களையும் டி செல்களையும் அருகருகே வைத்து, தொற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் குரோமாட்டின் எங்கே திறக்கிறது என்று அளந்தபோது, நினைவாக மாறும் கட்டத்தில் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்திருந்தன.

இப்போது ஏன் சைட்டோமெகாலோ வைரஸ் என்ற கேள்விக்கு வருகிறேன். எம்157 என்ற புரதத்தை வைரஸ் எதற்குச் செய்கிறது? தன்னைக் காட்டிக்கொடுக்கும் ஒன்றை எந்த வைரஸும் வேண்டுமென்றே வெளியே வைக்காது. 129 என்ற எலி வகையில் எம்157 போய் ஒட்டுவது லை49ஐ என்ற தடுக்கும் ஏற்பியில். அதாவது அது எம்எச்சி போல நடிக்கும் ஒரு போலி. டி செல்லிடமிருந்து ஒளிய எம்எச்சியை மறைத்த வைரஸ், அதனால் என்.கே. செல்லிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு போலி எம்எச்சியை வெளியே நிறுத்தியிருக்கிறது. சில எலி வம்சங்கள் அதற்கு எதிராக, தடுக்கும் ஏற்பியைப் போன்ற முகமும் தூண்டும் உடலும் கொண்ட லை49எச் ஏற்பியைப் பெற்றுவிட்டன. போலியே பிடிகொடுத்தது. வைரஸும் சும்மா இருப்பதில்லை. கருப்பு எலிகளின் வழியாக இந்த வைரஸை மீண்டும் மீண்டும் செலுத்தினால் எம்157இல் சடுதிமாற்றம் பெற்ற வைரஸ்கள் தோன்றி ஏற்பிக்குத் தப்பிவிடுகின்றன. காட்டு எலிகளிடமிருந்து எடுத்த வைரஸ்களில் பலவற்றின் எம்157ஐ லை49எச் பிடிப்பதே இல்லை.

மனிதரிடம் லை49 குடும்பம் வேலை செய்வதில்லை. ஆனால் இதே நாடகம் வேறு நடிகர்களோடு நடந்திருக்கிறது. மனித சைட்டோமெகாலோ வைரஸில் யுஎல்40 என்ற புரதம் உண்டு. அதன் ஒரு துண்டு, நம் சொந்த எம்எச்சி புரதங்களிலிருந்து வரும் துண்டைப் போலவே இருக்கும். அந்தத் துண்டு எச்எல்ஏ-இ என்ற புரதத்தில் அமர்ந்து மேற்பரப்புக்கு வந்து, என்கேஜி2ஏ என்ற தடுக்கும் ஏற்பியை ஏமாற்றுகிறது. என்கேஜி2ஏவுக்கு என்கேஜி2சி என்றொரு இரட்டை உண்டு. முகம் கிட்டத்தட்ட அதே. சைகை மட்டும் நேர் எதிர். டாப்12 வழியாக அது கொல்லச் சொல்லும். 2018இல் பெர்லினில் கியாரா ரொமஞானி குழு காட்டியது: வைரஸ் வகைகளுக்குள் யுஎல்40 துண்டில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் என்கேஜி2சி செல்களின் பெருக்கம் கூடுகிறது, குறைகிறது. அதற்கும் ஐஎல்-12, ஐஎல்-18 துணை தேவைப்பட்டது. எலியில் பார்த்த அதே செய்முறை.

எனவே, என்.கே. செல்லின் நினைவு எந்த வைரஸ் வந்தாலும் கற்றுக்கொள்ளும் ஆற்றல் அல்ல. பல இலட்சம் ஆண்டுகளாக நம்மோடு ஒட்டிக்கொண்டு பரிணமித்த ஒரு வைரஸ் குடும்பத்துக்கு எதிராக மரபணுவிலேயே தயாராக இருக்கும் ஏற்பிகள், தொற்று வந்ததும் தம் செல்களைப் பெருக்கி, குரோமாட்டினில் பதித்துக்கொள்ளும் நினைவு. சைட்டோமெகாலோ வைரஸ் ஒருமுறை நுழைந்தால் ஆயுள் முழுவதும் உடலில் பதுங்கியிருக்கும். இத்தகைய ஒன்றுக்கு எதிராக மட்டும் இப்படி ஒரு சிறப்பு ஏற்பாடு உருவானதில் அர்த்தம் இருக்கிறது.

மனிதரில் முதல் தடயத்தை 2004இலேயே பார்சிலோனாவில் மிகேல் லோபெஸ் போட்டெட் குழு பார்த்திருந்தது. இந்த வைரஸ் தொற்றியவர்களின் இரத்தத்தில் என்கேஜி2சி ஏந்திய என்.கே. செல்கள் அதிகம் இருந்தன. சிலரிடம் மொத்த என்.கே. செல்களில் பாதிக்கும் மேல் இவையே. 2008இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு நெஞ்சைத் தொடுவது. டி செல்களே இல்லாமல் பிறந்த ஒரு கைக்குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றியது. இந்த வகை என்.கே. செல்கள் பெருமளவில் பெருகின, வைரஸின் அளவு குறைந்தது. ஐரோப்பியரில் ஏறக்குறைய 4 சதவீதம் பேருக்கு என்கேஜி2சி மரபணுவின் இரு படிகளும் இல்லை. அவர்களிடமும் வேறு ஏற்பிகளின் துணையோடு இதுபோன்ற செல்கள் உருவாகின்றன. ஆகவே என்கேஜி2சி முக்கிய வாசல்தான். ஒரே வாசல் அல்ல.

இவை ஒருசில செல்களின் வம்சங்கள்தானா, அல்லது எல்லாச் செல்களும் சேர்ந்து நிறம் மாறியவையா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. டி செல்லில் வம்சத்தைக் கண்டுபிடிக்க ஏற்பி மரபணுவே போதும்; என்.கே. செல்லில் அப்படியொரு அடையாளம் இல்லை. 2022இல் ரொமஞானி குழு ஓர் அழகான வழியைக் கையாண்டது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் வாழ்நாளில் தற்செயலாக ஏற்படும் சடுதிமாற்றங்களையே வம்ச அடையாளமாக எடுத்துக்கொண்டது. தொற்றியவர்களின் நினைவு என்.கே. செல்களில் பெரும்பகுதி, சில தனிச் செல்களின் வம்சங்கள் என்று தெரிந்தது. ஒவ்வொரு வம்சமும் தனக்கே உரிய குரோமாட்டின் அமைப்பைக் காலம் கடந்தும் விடாமல் வைத்திருந்தது.

மனித ஆய்வில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. வைரஸ் உடலை விட்டுப் போவதே இல்லை, அவ்வப்போது தலைதூக்குகிறது. அப்படியிருக்க, நாம் பார்ப்பது நினைவா, ஓயாத தூண்டலின் விளைவா? முழுமையாகப் பிரிக்க முடியாது என்பதே நேர்மையான பதில். மாற்றிச் செலுத்தும் சோதனை எலியில்தான் முடியும். அதனால்தான் பலர் மனிதரில் இவற்றை நினைவு செல்கள் என்று சொல்லாமல், தகவமைந்த என்.கே. செல்கள் என்கிறார்கள். எனக்கு அந்தக் கவனம் சரியாகப் படுகிறது.

இனி சிக்குன்குனியா. 2005, 2006 ஆண்டுகளில் தென்னிந்தியாவைச் சுழற்றியடித்த அந்தக் காய்ச்சலைத் தமிழ்நாட்டில் மறந்தவர்கள் குறைவு. மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கில் நீண்டது. சிக்குன்குனியா காய்ச்சலில் இருந்த நோயாளிகளிடம் என்கேஜி2சி செல்கள் கூடியிருந்ததை 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வடக்கு ஸ்வீடனில் பூமாலா ஹான்டா வைரஸ் நோயாளிகளிடமும் இதேபோன்ற பெருக்கம் 60 நாளுக்கும் மேல் நீடித்ததை கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் கண்டார்கள். இதைப் படித்தவுடன், அந்தந்த வைரஸுக்கென்று நினைவு உருவாகியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஹான்டா நோயாளிகளில் அந்தப் பெருக்கம் ஏற்கெனவே சைட்டோமெகாலோ வைரஸ் தொற்றியிருந்தவர்களிடம்தான் காணப்பட்டது. அதாவது முன்பே உருவாகியிருந்த நினைவுக் கூட்டத்தை, புதிய காய்ச்சலின் சைட்டோகைன் வெள்ளம் மறுபடி பெருக்கிவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம்.

இந்தியாவில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குச் சைட்டோமெகாலோ வைரஸ் தொற்றியிருக்கிறது; பெரும்பாலும் சிறு வயதிலேயே, எந்த அறிகுறியும் காட்டாமல். எனவே உங்களிடமும் நினைவு என்.கே. செல்கள் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவை சிக்குன்குனியாவை நினைவில் வைத்தவை என்று நான் சொல்லமாட்டேன். அந்த நோய்க்கு எதிரான உங்கள் நினைவு ஆன்டிபாடிகளிலும் அவற்றைச் செய்யும் பி செல்களிலும் டி செல்களிலும் இருக்கிறது.

இருந்தாலும் இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அது பலர் கவனிக்காதது. நினைவு என்.கே. செல்களில் பல, எஃப்சி எப்சிலான் ஆர்ஐ காமா என்ற சைகைப் புரதத்தை இழந்திருக்கும். அதை இழந்த செல், ஆன்டிபாடி பூசப்பட்ட செல்லைச் சந்தித்தால் வழக்கத்தைவிட வலுவாகப் பாய்கிறது. ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் சிடி16 ஏற்பியின் சைகை அவற்றில் வேறு பாதையில் போகிறது. தொற்றுண்ட செல்லை இனங்காட்டும் வேலையை ஆன்டிபாடி செய்துவிட்டால், அந்த வைரஸ் சைட்டோமெகாலோவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் தொற்றிய செல்களுக்கு எதிராகவும் இது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. ஒரு வைரஸ் வளர்த்துவிட்ட படை, இன்னொரு வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடியின் வழிகாட்டலில் வேலை செய்கிறது.

இந்தத் தேர்ச்சிக்கு விலையும் உண்டு. 2014இல் லேனியர் ஆய்வகம் காட்டியது போல, எலியின் நினைவு என்.கே. செல்கள் சைட்டோகைன் சைகைகளுக்கு மட்டும் எழுந்து பாயும் பழைய சுபாவத்தைப் பெருமளவு இழந்துவிடுகின்றன. லிஸ்டீரியா பாக்டீரியா போன்ற தொடர்பில்லாத தொற்று வந்தால் புதிய செல்கள் காட்டும் துடிப்பை இவை காட்டுவதில்லை. தன் எதிரியை நன்கு அறிந்த செல், பொதுக்காவலில் பின்தங்கிவிடுகிறது. என்.கே. நினைவு இருந்தால் எல்லா நோய்க்கும் எதிர்ப்பு கூடும் என்று எழுதுபவர்களுக்கு இந்த ஆய்வை நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன்.

சைட்டோமெகாலோவுக்கு வெளியே குறிப்பிட்ட வைரஸ் நினைவு இல்லவே இல்லையா? சில ஆய்வுகள் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. 2015இல் கீத் ரீவ்ஸ் குழு, எச்ஐவி வகை வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட்ட மக்காக் குரங்குகளின் என்.கே. செல்கள் அந்தத் தடுப்பூசியில் இருந்த வைரஸ் புரதத்தை ஏந்திய செல்களைக் குறிப்பாகத் தாக்கியதையும், அது ஐந்தாண்டு வரை நீடித்ததையும் வெளியிட்டது. 2019இல் சில்கே பாஸ்ட் குழு, சிறுவயதில் சின்னம்மை கண்டு பல பத்தாண்டுகள் ஆனவர்களின் தோலில் அந்த வைரஸின் ஆன்டிஜெனை (நோயெதிர்ப்புச் செல்கள் இனங்காணும் பகுதியை) செலுத்தியபோது என்.கே. செல்கள் அங்கே வந்து சேர்ந்ததைக் காட்டியது. சோதனைகள் கவனமாகச் செய்யப்பட்டவை. குறை ஒன்றுதான்: எம்157க்கு லை49எச் போல, இங்கே எல்லா ஆன்டிஜெனுக்கும் பொருந்தும் ஏற்பி கையில் அகப்படவில்லை. அது அகப்படும்வரை இவற்றை நான் இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன்.

மூன்றாவதாக ஒன்றையும் நினைவு என்றே அழைக்கிறார்கள், அதில் வைரஸே கிடையாது. 2009இல் செயின்ட் லூயிஸில் வேய்ன் யோகோயாமா ஆய்வகத்தில், எலியின் என்.கே. செல்களை ஐஎல்-12, ஐஎல்-15, ஐஎல்-18 ஆகிய மூன்றிலும் ஓரிரவு ஊறவைத்து வேறு எலிக்குள் செலுத்தினார்கள். சில வாரம் கழித்து மறுபடி தூண்டியபோது அவையும் அவற்றின் வாரிசுகளும் அதிக இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்தன. குறிப்பிட்ட எதையும் இவை நினைவில் வைக்கவில்லை. நான் கேட்ட மூன்றில் முதலாவது இங்கே இல்லை. எனவே இவற்றை நினைவு போன்ற செல்கள் என்று சொல்வதே சரி. ஆனால் மருத்துவத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது இந்த வகைதான், ஏனென்றால் எந்தக் கொடையாளரின் செல்லிலிருந்தும் ஒரே நாளில் இதைத் தயாரிக்கலாம். 2016இல் வெளியான முதல் கட்டச் சோதனையில், கடும் மைலாய்டு இரத்தப் புற்று மீண்டும் வந்த அல்லது மருந்துக்கு அடங்காத நோயாளிகளுக்கு உறவினர்களின் என்.கே. செல்களை இப்படி ஊறவைத்துச் செலுத்தினார்கள். மதிப்பிட முடிந்த ஒன்பது பேரில் ஐந்து பேருக்குப் பலன் கிடைத்தது; அவர்களில் நால்வருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. அதே ஆண்டில் மினசோட்டாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, எலும்புமஜ்ஜை மாற்றுக்குப் பின் சைட்டோமெகாலோ வைரஸ் தலைதூக்கி, அதனால் தகவமைந்த என்.கே. செல்கள் பெருகியவர்களிடம் புற்று திரும்பி வருவது குறைவாக இருந்ததைக் காட்டியது. அங்கே அந்த வைரஸே நோயாளிக்கு ஆபத்தானது. ஆகவே வைரஸைத் தலைதூக்க விடாமல், அது வளர்த்துவிடும் செல்களை மட்டும் ஆய்வகத்தில் வளர்த்துக் கொடுப்பதற்கான வழிகளில் இப்போது பல குழுக்கள் உழைக்கின்றன.